கண்ணாடிக்குத் தீட்டில்லை

"உண்மையச் சொல்லு. நீ ஆருக்குப் போட்டாய்?"

யோசுவா போடியார் புட்டுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். அவருடைய மனைவி எஸ்தரம்மா மீன் ஆணச் சட்டியும் அகப்பையுமாக நின்றாள்.

"தம்பிக்குத்தான். வேற ஆருக்குப் போடுவன்?"

"சத்தியமாச் சொல்லு."

"சத்தியம் பண்ணப்படாதெண்டு துரை ஐயர் போன முறைதானே பிரசங்கிச்சவர்."

"அப்ப நீ கட்டாடிக்குத்தான் போட்டிரிக்காய்."

எஸ்தரம்மா ஆணத்தை ஊற்றினாள். அந்தப் புட்டுக்கு அது கொஞ்சம் அதிகம்.

"பாவமெண்டு ஒரு கொட்டை போட்டன். தம்பிக்கு ஊரே போடும். அந்த மனிசன்ட முட்டியில ஒண்டுமே விழாட்டி, துரைக்கு முன்னால அவன்ட மொகம் எப்பிடி இரிக்கும்? சரி, நீங்க ஆருக்குப் போட்டீங்க?"

போடியார் பீங்கானை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"புட்டு ஆறிப் போச்சு," என்றார்.

பின்வாசலில் வெளுத்த துணிப் பொட்டலத்தோடு நின்றிருந்த பீற்றிஸ், கூப்பிட எடுத்த வாயை மூடிக்கொண்டாள். பொட்டலத்தை வாசற்படியில் வைத்தாள். ஓசைப்படாமல் திரும்பி நடந்தாள். அவள்தான் கட்டாடி டொமினிக்கின் மனைவி. எங்கள் பக்கத்தில் ஊருக்குத் துணி வெளுப்பவரைக் கட்டாடி என்போம், வயல்காரப் பெரிய மனிதரைப் போடியார் என்போம். போடியார் வீட்டுக்குள் நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று இனி யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். தில்லைமுனை என்ற எங்கள் ஊர் செட்டிபாளையத்தைப் போல ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமாகக் கிடப்பது, அதைவிடச் சிறியது. கோவிலும் சிறியதுதான். ஆனால் அதில் மூன்று டீக்கன்மார் உண்டு. வேதாகமத்தில் உதவிக்காரர் என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் பாவிப்பதில்லை, ஏனென்றால் எங்கள் டீக்கன்மார் யாருக்கும் உதவியதாக நினைவில்லை. அவர்கள் முன் வாங்கில் இருப்பார்கள். காணிக்கைப் பை பிடிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைக்காரத் துரை ஐயர் பட்டணத்திலிருந்து தோணியில் வந்து திருவிருந்து கொடுக்கும்போது, போடியார் அப்பத் தட்டையும் நல்லதம்பி டீக்கன் வெள்ளிக் கிண்ணத்தையும் எடுத்து வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். மூன்றாவது டீக்கனான தானியேல் வாத்தியார் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

டீக்கன் பதவி வயல்போல அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. நல்லதம்பி டீக்கன் அந்த வருடம் செத்துப்போனார். அவருக்கு மகன் இல்லை. நாட்டில் ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. துரை ஐயருக்கு அதில் பெரிய சந்தோஷம். "சபையிலும் வாக்கு எடுப்போம்," என்று விட்டார்.

போடியார் தன் மச்சினன், எஸ்தரம்மாவின் தம்பி றோய் கிளாக்கரின் பெயரைச் சொன்னார். எதிர்ப்பேச்சு இல்லை. துரை சபையை ஒருமுறை கண்ணால் அளந்து, கடைசியில் தூணுக்குப் பின்னால் பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். "அவர்களில் ஒருவரும் இல்லையா?" என்று கேட்டார். துரை பார்த்துக்கொண்டே இருந்தார். போடியாருக்கு வேர்த்தது. கடைசியில் அவரே எழுந்து, "டொமினிக்கும் நல்ல மனிசன்தான்," என்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "எடுங்க, எடுங்க" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று யார் நினைப்பார்கள்?

எழுதத் தெரியாதவர்களும் வாக்குப் போடவேண்டுமே என்று இரண்டு மண் முட்டிகள் வைத்தார்கள். றோய் கிளாக்கருக்குச் சிவப்புத் துணி கட்டிய முட்டி, டொமினிக்குக்கு வெள்ளைத் துணி கட்டிய முட்டி. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராய்ப் போய் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு வரவேண்டும். றோய் கிளாக்கர் வெல்வார் என்பது சபை முழுவதற்கும் தெரியும். ஆகையால் எங்களுக்கு மனம் இளகிவிட்டது. நம்முடைய ஒரு கொட்டையால் என்ன வந்துவிடப் போகிறது, பாவம், கட்டாடிக்கு ஒன்றாவது விழட்டுமே என்று நினைத்தோம். ஆர்மோனியம் வாசிக்கிற நானும் அப்படித்தான் நினைத்தேன். கொட்டை உள்ளே விழுந்த ஓசை கேட்டபோது என் நெஞ்சு நிறைந்துபோனது. இப்படிப்பட்ட நல்லவனாக இருக்கிறேனே என்று.

இரக்கம் ஓரிரண்டு பேரோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அன்றைக்கு ஊரே இரக்கப்பட்டுவிட்டது. சிவப்பு முட்டியில் பதினேழு, வெள்ளை முட்டியில் நாற்பத்து நாலு. றோய் கிளாக்கர் மரியாதை தெரிந்தவர், தன் கொட்டையையும் டொமினிக்குக்கே போட்டிருந்தார். துரை ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டொமினிக்கை முன்னால் கூப்பிட்டு, தலையில் கைவைத்து, நல்லதம்பி பிடித்த கிண்ணத்தை இனி இவர் பிடிப்பார் என்று நேர்ந்துவிட்டார். பிறகு தோணியேறிப் போய்விட்டார். இனி மூன்று மாதம் கழித்துத்தான் வருவார்.

போடியார் வீட்டிலிருந்து வந்த பீற்றிஸ் நேரே பூவலடிக்குப் போனாள். வாவித் தண்ணீர் உவர். துணி வெளுக்க ஆகாது. மணலில் ஆழமாகத் தோண்டிய அந்த நன்னீர்க் குழிதான் அவர்களுடைய துறை. டொமினிக் வெள்ளாவிப் பானைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குப் போட்டதெல்லாம் விருப்பத்துக்குப் போட்டதில்லையாம்," என்றாள். "இரக்கத்துக்குப் போட்டதாம். போடியாரும் போட்டிரிக்கார், பொண்டாட்டியும் போட்டிரிக்கா. இப்ப ரெண்டு பேரும் அத நினைச்சிச் சோறு இறங்காம இரிக்காங்க."

டொமினிக் விறகைத் தள்ளிவிட்டுச் சிரித்தான். "இரக்கத்துக்கெண்டு வேற முட்டியா வச்சவங்க? கொட்டை கொட்டைதான் புள்ள."

"பகிடியா இரிக்கா? கிண்ணத்தத் தொட்டா ஊரில இரிக்க உடுவாங்களா? நமக்கென்னத்துக்கு?"

வெள்ளாவியில் வைப்பதற்காக மடித்திருந்த துணிகளுக்கு மேலே கோவில் மேசை விரிப்பு இருந்தது. அதை வெளுப்பது பீற்றிஸ். துரையின் அங்கியை வெளுப்பதும் அவள்தான். பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் பெண்பிள்ளை பெரியவளானதற்கும், வேதக்கார வீடென்ன சைவ வீடென்ன, மாற்றுச் சீலை கொண்டுபோய் அழுக்குச் சீலை எடுத்துவருவதும் அவள்தான். எங்களுடைய தீட்டையெல்லாம் கழுவுகிற கை அது. ஆகையால் தீட்டு அந்தக் கையில்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் கணிப்பு.

திருவிருந்தன்று முன் வாங்கு, நடு வாங்கு, பெண்கள் பக்கம் எல்லாம் வாய்வைத்துக் குடித்து முடிந்தபின்தான் கிண்ணம் தூணுக்குப் பின்னால் போகும். அங்கே நாலு குடும்பம், பதினொரு பேர். அவர்களிடம் ஒரு சிரட்டை உண்டு. நல்லதம்பி டீக்கன் கிண்ணத்தை உயரப் பிடித்து, படாமல் அதற்குள் ஊற்றுவார். ஊற்றுவதில் அவருக்கு நல்ல கைப்பழக்கம், ஒரு சொட்டு சிந்தாது. கிண்ணம் மேசையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து திரும்பி வரும்வரைக்கும் துரை கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருப்பார். அது அவருடைய பக்தி. எங்களுக்கு வசதி.

"இருவது வருசமா நீ சிரட்டையில குடிக்கிறதப் பாத்துக்கொண்டிரிக்கன்," என்றான் டொமினிக். "அந்தக் கிண்ணத்தில நீ வாய்வச்சு ஒருக்காக் குடிக்கவேணும். மறுகா என்ன நிப்பாட்டினாலும் பறவாயில்ல."

"சிரட்டைக்கு என்ன குறை? ஓட்டையா இரிக்கு?" என்றாள் பீற்றிஸ். சொல்லிவிட்டு மேசை விரிப்பை எடுத்து, மடிப்புச் சரியாக இருந்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அடுத்த கிழமை போடியார் ஆளனுப்பினார். முற்றத்தில் அவர் சாய்கதிரையிலும் தானியேல் வாத்தியார் வாங்கிலும் இருந்தார்கள். டொமினிக் நின்றான்.

"கட்டாடி, டீக்கன் வேலையெண்டா என்னெண்டு தெரியுமா உனக்கு?"

"தெரியும் போடியார். இருவது வருசமாப் பாத்துக்கொண்டுதானே இரிக்கன், பின்னால இருந்து."

"மணி அடிக்கிறதும் டீக்கன் வேலைதான். விளக்குத் துடைக்கிறதும்தான். அதெல்லாம் நீ செய். கிண்ணத்த றோய் எடுக்கட்டும். துரை வாற அண்டைக்கு மட்டும் கையில நோவெண்டு சொல்லு."

"கையில ஒண்டுமில்லையே."

"இல்லாட்டி ஒரு சீலைத் துண்டச் சுத்திக்கிட்டு வாவன்," என்றார் வாத்தியார். "உன்ட வீட்டில சீலைக்கா பஞ்சம்?"

டொமினிக்கும் சிரித்தான். பெரியவர்கள் பகிடி விட்டால் சிரிக்கவேண்டும் என்பது அவன் சின்ன வயதிலேயே படித்த பாடம். "பகிடி நல்லாத்தான் இரிக்கு வாத்தியார். ஆனா கிண்ணம் புடிக்கத்தானே துரை என்ட தலையில கைவச்சவர். நோவெண்டு பொய் சொல்லிப்போட்டு, மறுகா அந்தக் கையால மணியத்தான் எப்பிடி அடிக்கிற?"

போடியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"துரை மூணு மாசத்துக்கு ஒருக்கா வாற ஆள். நாங்க எண்டைக்கும் இஞ்ச கிடக்கிற ஆக்கள். வெள்ளாமை வெட்டுக்குக் கனநாள் இல்ல. களத்தில உன்ட பங்கு நெல்ல அளக்கிறது துரையில்ல, நான்."

"ஓம் போடியார்."

"ஓமெண்டா?"

"அளக்கிறது நீங்கதான் எண்டு சொல்றன்."

அவன் போனபிறகு வாத்தியார் நெடுநேரம் யோசித்தார். அவன் வணக்கமாகத்தான் பேசினான். ஆனால் எங்கேயோ இடிக்கிறது என்றார். இடிக்கிற இடம் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

திருவிருந்து ஞாயிறு வந்தது. டொமினிக் வெள்ளைச் சட்டையும் சோமன் வேட்டியுமாக முன் வாங்கின் ஓரத்தில், வாங்குக்கு வலிக்காதமாதிரி உட்கார்ந்திருந்தான். துரை ஐயர் வழக்கம்போலச் சொன்னார்: ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்துப் பார்க்கட்டும், சகோதரனோடு பகை உள்ளவன் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும், தகுதியில்லாமல் பானம்பண்ணுவது ஆக்கினைக்கு ஏதுவாகும். இதை நாங்கள் வருடத்தில் நாலு முறை கேட்கிறவர்கள். ஒருநாளும் காதில் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறியது.

போடியார் அப்பத் தட்டோடு வந்தார். எல்லாரும் புசித்தோம். டொமினிக் கிண்ணத்தோடு வந்தான். துரை கண்ணை மூடினார்.

முதல் ஆள் போடியார்தான். டொமினிக் கிண்ணத்தை நீட்டி, டீக்கன்மார் சொல்லும் வசனத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். போடியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பியோட எனக்கு ஒரு மனத்தாங்கல் கிடக்கு," என்று மெதுவாகச் சொன்னார். "தீராமக் குடிக்கப்படாது."

போடியாரின் கூடப்பிறந்த தம்பியார் பக்கத்தில்தான் இருந்தார், அண்ணனும் தம்பியும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு. இப்படியொரு மனத்தாங்கல் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் கெட்டிக்காரர். "ஓம், எனக்கும் அண்ணனோட," என்றார்.

தானியேல் வாத்தியாருக்கு உள்ளத்தில் கெட்ட சிந்தை இருந்தது. றோய் கிளாக்கருக்குக் காய்ச்சல் வருகிறமாதிரி இருந்தது. ஒருவர் ஓய்வுநாளில் தேங்காய் பறித்தவர். இன்னொருவர் தன் எருமைக்கன்றைக் கிரானில் வாங்கியதாகப் பொய் சொன்னவர். அவர் அதை ஒப்புக்கொண்டதை, எட்டு வருடமாக அந்தக் கன்றைத் தேடிக்கொண்டிருந்த பக்கத்து வாங்குக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். வரிசை வரிசையாக எங்களுடைய பாவங்கள் வெளியே வந்தன. ஒவ்வொருவருக்கு முன்னும் டொமினிக் நின்றான், வசனத்தைச் சொன்னான், கிண்ணத்தை நீட்டினான், காத்திருந்தான், நகர்ந்தான். யாரையும் தாண்டிப் போகவில்லை. அவசரப்படவும் இல்லை.

எஸ்தரம்மாவிடம் வந்தபோது அவளுடைய கை சீலைத் தலைப்பை விட்டு எழும்பி, கிண்ணத்தின் விளிம்புவரை வந்தது. ஆண்கள் பக்கத்தில் போடியார் ஒருமுறை செருமினார். கை கீழே போய்விட்டது.

பிறகு ஆர்மோனியத்தடிக்கு வந்தான். "பல்வலி," என்றேன் நான். எந்தப் பல் என்று கேட்டுவிடாதீர்கள். அன்றிலிருந்து நானும் தேடுகிறேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சுகமாகட்டும் மாஸ்டர்," என்றுவிட்டுப் போனான்.

விளிம்புவரை நிறைந்தபடி கிண்ணம் தூணுக்குப் பின்னால் போயிற்று. பீற்றிஸ் பழக்கத்தில் சிரட்டையை எடுத்துப் பிடித்தாள். டொமினிக் தலையை ஆட்டினான். அவள் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய கைகளைப் பார்த்தாள். முன்னால் ஐம்பது பேரிடம் நீட்டிய கை அது. அதைத் தன் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் வாய்வைத்துக் குடித்தாள். பின்பு மற்றவர்கள். நேர்ந்த ரசத்தில் மிச்சம் வைக்கக்கூடாது என்பது துரையின் கட்டளை. அறுபது பேருக்கு ஊற்றியதைப் பதினொரு பேர், கிண்ணம் ஐந்து சுற்று வந்து குடித்து முடித்தார்கள். நாங்கள் முன்னால் குனிந்த தலையோடு, வறண்ட தொண்டையோடு, அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆராதனை முடிந்ததும் காலிக் கிண்ணத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட துரை, தான் ஜெபிக்கும்போது கேட்ட குசுகுசுப்பு என்ன என்று விசாரித்தார். போடியார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "துரை, இண்டைக்கு எங்கட சபை தன்னத்தானே சோதிச்சுப் பாத்திட்டு. கனபேர் தகுதியில்லையெண்டு குடிக்கயில்ல," என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. துரை ஐயர் அங்கேயே முழங்காலில் விழுந்தார். தில்லைமுனையில் பாவ உணர்வு நெருப்பாய்ப் பற்றிவிட்டது என்று தன் தேசத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கே அதைச் சபைப் பத்திரிகையில் அச்சடித்தார்கள். எங்கள் ஊர்ப் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளாமை வெட்டிச் சூடு மிதித்தார்கள். களத்தில் கட்டாடிப் பங்கு அளக்கப்படவில்லை. டொமினிக் வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். துணி மட்டும் வீடுகளிலிருந்து முன்போலவே வந்தது. ஊரில் பிள்ளைப்பேறு நிற்கவில்லையே. அந்த மாதங்களில் அவன் தோணியில் காத்தான்குடிக்குப் போய், முகைதீன்பாவா என்ற துணி வியாபாரியிடம் தறிச் சாரன்களுக்குக் கஞ்சிபோடும் வேலை எடுத்தான். முகைதீன்பாவா கதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்கட பள்ளியில ஒரே ஹவுள் தொட்டியில தண்ணி அள்ளித்தான் எல்லாரும் தொழுறதுக்கு ஒளு எடுக்கிற," என்றார். சாரன்களை எண்ணிக் கொடுத்தபின், "ஆனா அண்ணன், எங்கட பக்கத்துத் தலைசிரைக்கிற ஒஸ்தாவக் கேட்டுப் பாத்தா வேற கதையும் சொல்லுவார்," என்றார். நேர்மையான மனிதர். கஞ்சிக்குக் கூலியும் நேர்மையாகவே கொடுத்தார்.

இதற்கிடையில் போடியார் துரைக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். ஒரே கிண்ணத்தில் பலரும் வாய்வைப்பதால் சயரோகம் முதலான வியாதிகள் பரவக்கூடும். உங்கள் தேசத்தில் எப்படி என்று பணிவான கேள்வி. எங்கள் தேசத்தில் இப்போது ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிளாஸ் என்று பதில் வந்தது. எங்களுடைய பாவ உணர்வைப் பத்திரிகையில் படித்து உருகிய ஒரு கிழவி அம்மாள், கப்பலில் ஒரு பெட்டி அனுப்பிவைத்தாள். வைக்கோலுக்குள் ஐம்பது கிளாஸ், பெருவிரல் அளவு. அவற்றைச் செருகிவைக்கத் துளைபோட்ட இரண்டு தட்டு.

"தட்ட ஆர் தூக்கினா என்ன?" என்றார் போடியார். "ரசத்த வாத்தியார் ஊத்துவார். எடுக்கிறது நம்மட கை. கண்ணாடிக்குத் தீட்டில்ல."

"பின் பாய்க்கு?" என்று நான் கேட்டேன். கேட்டதற்காக என்னை மெச்சவேண்டாம், மெதுவாகத்தான் கேட்டேன்.

"அவங்களுக்கு வெள்ளிக் கிண்ணம் கிடக்குத்தானே. இனி அத வேற ஆர் தொடுற?"

அடுத்த திருவிருந்தன்று டொமினிக் தட்டைத் தூக்கி வந்தான். போடியார் எடுத்தார், தம்பியார் எடுத்தார். மனத்தாங்கல் தீர்ந்திருந்தது. வாத்தியாரின் சிந்தை சுத்தமாகியிருந்தது. றோய் கிளாக்கருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, எனக்குப் பல்வலி பறந்திருந்தது. துரை இத்தனை பேருக்கும் விடுதலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம் செய்தார்.

சங்கடம் ஆராதனைக்குப் பிறகுதான் வந்தது. துரை தோணியேறியபின், உள்ளறை மேசையில் அடியில் சிவப்புச் சாறு ஒட்டியபடி ஐம்பது கிளாஸும் இருந்தன.

"கட்டாடி," என்றார் போடியார், "இதுகளப் பூவலடிக்குக் கொண்டுபோய்ப் பொஞ்சாதியக்கொண்டு நல்லாக் கழுவிப்போட்டு வா. கழுவுறது உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

டொமினிக் வெள்ளிக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். துடைத்து முடித்து அலுமாரியில் வைத்தான்.

"துணியத் தாங்க போடியார், வெளுக்கிறன். அது என்ட தொழில். கோவிலுக்குள்ள நான் டீக்கன். நாங்க குடிச்ச கிண்ணத்த நாங்க கழுவிற்றம். நீங்க குடிச்சத நீங்க கழுவுங்க."

"என்ன சொன்னாய்?"

"கழுவமாட்டன் எண்டு சொன்னன்."

சத்தம் போடவில்லை. வாசலில் பீற்றிஸ் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் வாவிக்கரையால் நடந்து போனார்கள்.

பிறகு நாங்கள் அந்த மேசையைச் சுற்றி நின்றோம். தான் குடித்ததைத் தான் கழுவுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எது யாருடையது? ஐம்பதும் ஒரே அச்சு. தட்டில் எல்லாம் கலந்து கிடந்தன.

"போடியார்ட எச்சில நான் கழுவலாம்," என்றார் வாத்தியார். "ஆனா இதில எது போடியார்ட, எது எருமைக்கன்றுக்காரன்ட எண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

"வீட்டுப் பொம்புளையளக் கொண்டு கழுவிப்பம்," என்றார் றோய் கிளாக்கர்.

"ஊரார்ட எச்சிலக் கழுவ நானென்ன கட்டாடிச்சியா?" என்று வெளியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

நாளைக்கு யோசிப்போம் என்று போடியார் அறையைப் பூட்டித் திறப்பை மடியில் செருகினார். அந்த நாளை மூன்று மாதம் வரவில்லை.

வந்தபோது துரை ஐயரோடு சேர்ந்து வந்தது. அன்றைக்கு எதிர்க்காற்று; தோணி பிந்திவிட்டது. துரை வந்திறங்கியதுமே முதல் பாட்டைத் தொடங்கச் சொல்லிவிட்டார். நான் ஆர்மோனியத்தை மிதிக்கும்போது உள்ளறைத் திறப்புத் திரும்பும் ஓசை கேட்டது. வாத்தியார் "ஐயோ" என்று மெல்லச் சொன்னதும் கேட்டது. திராட்சை வற்றலைச் சீனி போட்டுக் காய்ச்சிய சாறு அது. மூன்று மாதத்தில் உலர்ந்து கறுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு கிளாஸின் அடியிலும் எறும்புகள் செத்து ஒட்டிக் கிடந்தன. கழுவ நேரமில்லை, கழுவ ஆளும் இல்லை. வாத்தியார் கண்ணை இறுக்கிக்கொண்டு அதற்குமேலேயே புதுச் சாற்றை ஊற்றினார்.

டொமினிக் தட்டைத் தூக்கினான். குனிந்து பார்த்தான். ஒவ்வொருவருக்கு முன்னும் நின்று, வசனத்தை முழுவதும் சொல்லி, எடுக்கும்வரை பொறுத்து நின்றான். துரை இந்த முறை கண்ணைத் திறந்து, புன்சிரிப்போடு தன் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனத்தாங்கல் சொல்ல வழியில்லை.

போடியார் ஒரே மடக்கில் குடித்தார். தம்பியார் குடித்தார். எஸ்தரம்மா தன் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பித் தூணுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள். அங்கே பீற்றிஸ் வெள்ளிக் கிண்ணத்துக்காகக் காத்திருந்தாள். அது மேசையில் பளிச்சென்று இருந்தது. எஸ்தரம்மா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

எனக்கு வாய்த்ததில் இரண்டு எறும்பு மிதந்தது. டொமினிக் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பல்வலி என்று இனிச் சொல்லமுடியாது. குடித்தேன்.

எறும்புக்குச் சாதி பார்க்கும் வழக்கம் எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை.